7. ஏவிவிட்ட காற்று

1915 மார்ச் மாதம் அமெரிக்காவில் வானூர்தி ஆராய்ச்சிக்கென்று என்.ஏ.சி.ஏ. என்ற ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டது. 1958-இல் நாசா பிறந்தது இந்த அமைப்பிலிருந்துதான். அந்தக் குழு வெளியிட்ட ஆயிரக்கணக்கான அறிக்கைகளில் முதல் எண்ணைப் பெற்றது, காற்று வீச்சில் சிக்கும் விமானம் எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பற்றிய அறிக்கை. விமானம் பறக்கத் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள்கூட நிறையாத காலம் அது. அப்போதே விமானிகளை அதிகம் அச்சுறுத்திய விஷயம் எது என்பது இதிலிருந்து தெரிகிறது.

எம்.ஐ.டி.யில் இருந்த ஜெரோம் ஹன்சேக்கர், இரண்டு அடுக்கு இறக்கை கொண்ட விமானத்தின் மாதிரியைக் காற்றுச் சுரங்கத்தில் நிறுத்தி, அதன் நிலைத்தன்மையை அளந்தார். அந்த எண்களை வைத்துக்கொண்டு, எதிரிலிருந்தோ கீழிருந்தோ திடீரென ஒரு காற்று அடித்தால் விமானம் எப்படி எழும்பும், எப்படித் தாழும் என்று இ.பி.வில்சன் என்ற கணித அறிஞர் கணக்குப் போட்டார். சுரங்கத்தில் ஓடியது சீரான காற்று. வீச்சு அடித்தது காகிதத்தில் மட்டும்தான்.

சீராக வீசும் காற்றின் வேகமோ திசையோ சில நொடிகளுக்குள் சட்டென மாறித் திரும்புவதைத்தான் இந்த அத்தியாயம் முழுவதும் காற்று வீச்சு என்கிறோம். பொறியாளர்கள் தங்களுக்குள் கஸ்ட் என்று சொல்வார்கள். அதைக் காகிதத்திலிருந்து சுரங்கத்துக்குள் கொண்டுவரப் பல பத்தாண்டுகள் பிடித்தன. உண்டாக்கியது உண்மையான வீச்சுதானா என்று நிரூபிப்பது அதைவிடக் கடினமான வேலையாக இருந்தது, இன்றும் இருக்கிறது.

அமைதிக்காகக் கட்டப்பட்ட இடம்

காற்றுச் சுரங்கத்தைக் கட்டுகிறவர்கள் பெரும்பாடுபடுவது காற்றை அமைதிப்படுத்தத்தான். விசிறியிலிருந்து வரும் காற்று முறுக்கேறிச் சுழன்றுகொண்டே வரும். தேன்கூடு போன்ற நீளமான அறைகளைக் கொண்ட தடுப்பு அந்தச் சுழற்சியை நீக்கும். அடுத்தடுத்து நிறுத்தப்பட்ட நுண்ணிய கம்பி வலைகள் பெரிய கொந்தளிப்புகளைச் சிறு துணுக்குகளாக உடைத்து அடங்கச் செய்யும். பிறகு சுரங்கம் சட்டெனக் குறுகும். அந்தக் குறுக்கத்தில் காற்று வேகமெடுக்க, மிச்சமிருந்த ஏற்றத்தாழ்வும் அதனோடு ஒப்பிட அற்பமாகிவிடும். இத்தனையையும் தாண்டி மாதிரி நிற்கும் சோதனைப் பகுதிக்கு வரும் காற்றில், நல்ல சுரங்கமென்றால், வேகத்தின் ஏற்ற இறக்கம் சராசரி வேகத்தில் 0.1 சதவீதத்துக்கும் குறைவாகவே இருக்கும்.

வெளியே எந்த விமானத்துக்கும் இப்படிப்பட்ட காற்று கிடைப்பதில்லை. 1966 மார்ச் 5-ஆம் தேதி டோக்கியோவிலிருந்து ஹாங்காங்குக்குக் கிளம்பிய பி.ஓ.ஏ.சி. நிறுவனத்தின் போயிங் 707 விமானம், மேகமற்ற வானில் ஃபூஜி மலையருகே பறந்தபோது உடைந்து விழுந்தது. அதிலிருந்த 124 பேரும் இறந்தார்கள். மலையைத் தாண்டி வரும் காற்று மறுபக்கம் அலையாகப் புரண்டு கடுமையாகக் கொந்தளித்ததே காரணம் என்று விசாரணை முடிவு செய்தது. 2003 ஜூன் 26-ஆம் தேதி ஹவாய்த் தீவுகளில் காவாயி அருகே, சூரிய ஒளியில் இயங்கும் நாசாவின் ஆளில்லா விமானம் ஹீலியோஸ் கடலில் விழுந்தது. 75 மீட்டர் நீளமுள்ள அதன் இலேசான இறக்கை காற்றுக் கொந்தளிப்பில் எதிர்பாராத அளவு மேல்நோக்கி வளைந்தது. விமானம் தலையாட்டத் தொடங்கி, கட்டுப்பாடு இழந்து, வேக வரம்பைத் தாண்டிச் சிதறியது.

ஹீலியோஸ் ஓர் எச்சரிக்கை. எரிபொருளை மிச்சப்படுத்த இன்றைய பயணிகள் விமானங்களின் இறக்கைகளையும் நீளமாகவும் மெலிதாகவும் வளையக்கூடியதாகவும் ஆக்கிக்கொண்டே போகிறார்கள். வளையும் இறக்கை காற்று வீச்சுக்கு எப்படி ஈடுகொடுக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும்.

விதிமுறையில் எழுதிய வீச்சு

இயற்கையில் ஒரு வீச்சைப் போல இன்னொன்று இருக்காது. ஆனால் விமானத்துக்குச் சான்றிதழ் தர ஒரு பொது அளவுகோல் வேண்டும். அதனால் அமெரிக்க, ஐரோப்பிய விதிமுறைகள் ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்திருக்கின்றன. சுழியத்திலிருந்து மெல்ல எழும்பி, உச்சிக்குப் போய், அதே மென்மையோடு சுழியத்துக்கு இறங்கும் ஒற்றைத் திமில் அது. ஒன்றிலிருந்து கொசைனைக் கழித்தால் கிடைக்கும் வளைவு என்பதால் 'ஒன்று கழித்தல் கொசைன்' வீச்சு என்று பெயர்.

கடல் மட்டத்தில் இந்த வீச்சின் அடிப்படை வேகம் நொடிக்கு 17.07 மீட்டர்; 15,000 அடி உயரத்தில் 13.41 மீட்டர். தொடக்கத்திலிருந்து உச்சி வரையிலான தூரம் 9 மீட்டரிலிருந்து 107 மீட்டர் வரை எதுவாகவும் இருக்கலாம். இந்த எல்லைக்குள் தன் விமானத்தை அதிகம் வருத்துவது எந்த நீளம் என்று தேடிப் பிடித்து, அதையும் தாங்கும் என்று காட்ட வேண்டியது தயாரிப்பாளரின் பொறுப்பு.

நொடிக்கு 130 மீட்டர் வேகத்தில் போகும் விமானத்தின் அடியில் 17 மீட்டர் வேகத்தில் காற்று எழும்பினால், இறக்கையைப் பொறுத்தவரை காற்று வரும் திசையே ஏழரைப் பாகை திரும்பிவிடும். தூக்குவிசை சட்டென உயரும். பயணிகள் வயிற்றில் உணர்வதும் இறக்கையின் அடிக்கட்டை தாங்குவதும் அந்த உயர்வைத்தான்.

இதைச் சுரங்கத்துக்குள் கொண்டுவரும்போது எண்கள் எப்படி மாறுகின்றன என்று பார்ப்போம். இருபதில் ஒரு பங்கு அளவுள்ள மாதிரி. காற்றின் வேகம் நொடிக்கு 30 மீட்டர். உச்சிக்கு 107 மீட்டர் என்றால் திமிலின் முழு நீளம் 214 மீட்டர். மாதிரி அளவில் அது 10.7 மீட்டராகச் சுருங்கும்; மாதிரியைக் கடக்க ஏறக்குறைய 0.36 நொடி ஆகும். இது எளிது. மறுமுனையில் உச்சிக்கு 9 மீட்டர் என்றால் முழு நீளம் 18 மீட்டர். மாதிரி அளவில் 90 சென்டிமீட்டர். அது கடந்துபோக 0.03 நொடிதான். ஒரு நொடியில் முப்பது தடவைக்கு மேல் அசையும் வேகத்தோடு சுரங்கத்தின் காற்றையே திருப்பியாக வேண்டும்.

டன் கணக்கில் எடையுள்ள விசிறியால் இது ஆகாது. அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கவே பல நொடிகள் தேவை. வேறு வழி வேண்டும்.

காற்றைத் திருப்பும் கருவிகள்

முதலில் வந்த தீர்வு, வீச்சை மாதிரியிடம் கொண்டுவருவதற்குப் பதில் மாதிரியை வீச்சுக்குள் அனுப்புவது. 1930-களின் பிற்பகுதியில் என்.ஏ.சி.ஏ.வின் லாங்லி ஆய்வகத்தில் தரையிலிருந்து மேல்நோக்கிப் பாயும் காற்றுத் தாரை ஒன்றை அமைத்தார்கள். கவண் போன்ற ஒரு பொறி சிறிய விமான மாதிரியை விசையோடு எய்யும். மாதிரி தானாகப் பறந்து அந்தத் தாரையைக் குறுக்காகக் கடந்து மறுபக்கம் போய்ச் சேரும். தாரையின் விளிம்பு கூர்மையாக இருந்தால் திடீர் வீச்சு. படிப்படியாக வலுத்தால் மென்மையான வீச்சு. நல்ல யோசனைதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் கிடைப்பது ஒரு கணநேரப் பறத்தல் மட்டுமே.

இன்று பரவலாக இருப்பது அசையும் தகடுகள். மாதிரிக்கு முன்னால், காற்று வரும் பக்கத்தில், இறக்கை வடிவத்தில் வெட்டிய ஒன்றிரண்டு தகடுகளைக் குறுக்காகப் பொருத்துவார்கள். மின்மோட்டார் அவற்றைக் கணினி சொல்லும் கோணத்துக்குத் திருப்பும். தகடு திரும்பினால் அதன் பின்னால் போகும் காற்றும் கொஞ்சம் திரும்பும். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் ஜெர்மனியின் கோட்டிங்கனிலும் இவ்வகைக் கருவிகள் உண்டு. நாசாவின் லாங்லி மையத்தில் 1960 முதல் இயங்கிவரும் ஒலிவேக நெருக்கச் சுரங்கத்தில் இரு பக்கச் சுவர்களிலிருந்தும் ஜோடி ஜோடியாகத் தகடுகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் முனைகளிலிருந்து கிளம்பும் சுழல்கள் நடுவிலுள்ள காற்றை மேலும் கீழும் தள்ளும்.

தகட்டையே அசைக்காமல் அதே காரியத்தைச் செய்ய ஒரு வழியை 1990-களில் டியூக் பல்கலைக்கழகத்தில் கண்டார்கள். தகடு நிலையாக இருக்கும். அதன் பின்விளிம்பில், நீளவாக்கில் கீறல் விட்ட ஓர் உருளை சுழன்றுகொண்டிருக்கும். கீறல் மேலே வரும்போது காற்று ஒரு பக்கமும், கீழே வரும்போது மறுபக்கமும் திரும்பும். சுழற்ற வேண்டியது இலேசான உருளையை மட்டும் என்பதால் சிறிய மோட்டாரே போதும்.

திசையை மாற்றாமல் வேகத்தை மட்டும் ஏற்றி இறக்க வேண்டுமென்றால், சோதனைப் பகுதிக்குப் பின்னால் சன்னல் சட்டங்களைப் போல் திறந்து மூடும் தடுப்புகளை வைப்பார்கள். வீச்சும் கொந்தளிப்பும் கலந்து வேண்டுமென்றால் செயல்படும் வலை. ஜெர்மனியில் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகச் சுரங்கத்தின் வாயில் 3 மீட்டருக்கு 3 மீட்டர். அந்த வாயில் முழுவதும் குறுக்கும் நெடுக்குமாகத் தண்டுகள். தண்டுகளில் சாய்சதுர வடிவ அலுமினிய மடல்கள். ஒவ்வொரு தண்டையும் தனித்தனி மோட்டார் திருப்பும். கடலில் நிற்கும் காற்றாலை சந்திக்கும் முரட்டுக் காற்றை அங்கே திரும்பத் திரும்ப ஓடவிட முடிகிறது. கலிஃபோர்னியாவின் கால்டெக் நிறுவனத்தில் ட்ரோன்களைச் சோதிக்க 1,296 சிறு விசிறிகளைச் சுவராக அடுக்கியிருக்கிறார்கள். சிறு விசிறி சட்டென வேகம் மாறும். சுவரின் ஒரு மூலையில் புயலையும் இன்னொரு மூலையில் தென்றலையும் ஒரே நேரத்தில் வீசச் செய்யலாம்.

கேட்டது ஒன்று, வந்தது ஒன்று

கணினியில் அழகான ஒற்றைத் திமில் வளைவை வரைந்து தகட்டுக்கு அனுப்புகிறோம். தகடும் பிசகாமல் அதன்படியே திரும்புகிறது. மாதிரி நிற்கும் இடத்தில் அளந்து பார்த்தால் வேறொன்று வந்திருக்கிறது. மேல்நோக்கிய திமிலுக்கு முன்னால் கீழ்நோக்கி ஒரு சிறு பள்ளம்; பின்னால் இன்னொரு பள்ளம்.

காரணம் தகட்டில் அல்ல, காற்றின் இயல்பில் இருக்கிறது. தகடு கோணம் மாறத் தொடங்கியதும் அதன் தூக்குவிசை மாறுகிறது. தூக்குவிசை மாறும் ஒவ்வொரு கணமும் பின்விளிம்பிலிருந்து எதிர்த்திசையில் சுழலும் காற்றுச் சுழல் ஒன்று கழன்று ஓட்டத்தோடு போகும். ஏறும்போது கழன்ற சுழல்கள் திமிலுக்கு முன்னே ஓடுகின்றன; இறங்கும்போது கழன்றவை பின்னே வருகின்றன. இவை தம்மைச் சுற்றியுள்ள காற்றைத் தள்ளுவதால் வருவதே அந்த இரண்டு பள்ளங்கள். விமானம் முதலில் சற்றுக் கீழே அழுத்தப்பட்டு, உடனே மேலே தூக்கப்படும். விதிமுறை கேட்ட சோதனை இது அல்ல. வளையும் இறக்கை அந்தப் பள்ளத்திலேயே ஆடத் தொடங்கிவிட்டால், உச்சி வரும்போது கிடைக்கும் விசை கூடியும் போகலாம், குறைந்தும் போகலாம்.

இதைச் சரிசெய்ய ஒரு வழி, திமிலுக்கு முன்பே தகட்டைச் சற்று அசைத்துப் பள்ளத்தை நிரப்புவது. எவ்வளவு அசைக்க வேண்டும் என்று அளந்து, திருத்தி, மறுபடி அளந்து, மறுபடி திருத்துவார்கள். தகடு 10 பாகை திரும்பினால் மாதிரியின் இடத்தில் காற்றும் 10 பாகை திரும்பிவிடாது; குறைவாகவே திரும்பும். எவ்வளவு குறைவு என்பது அசைவின் வேகத்தைப் பொறுத்தது, சுரங்கத்தின் நடுவா ஓரமா என்பதையும் பொறுத்தது. தகட்டிலிருந்து மாதிரி 3 மீட்டர் தள்ளி இருந்தால், 30 மீட்டர் வேகத்தில் வீச்சு வந்துசேரப் பத்தில் ஒரு நொடி ஆகும். அதற்குள் அதன் வடிவமும் கொஞ்சம் கலையும். ஆகவே தகட்டின் கோணத்தை அளந்தால் வீச்சை அளந்ததாகாது.

முடியைவிட மெல்லிய கம்பி

ஒரு நொடியில் நூற்றில் மூன்று பங்கு நேரத்தில் வந்துபோகும் மாற்றத்தைப் பிடிக்கச் சூட்டுக்கம்பியை நம்புகிறார்கள். ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு நீளம், ஏறக்குறைய 5 மைக்ரான் தடிமன் கொண்ட டங்ஸ்டன் கம்பி. மனிதத் தலைமுடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத தடிமன். இரண்டு ஊசிகளின் முனையில் பற்றவைத்த அந்தக் கம்பியை மின்சாரத்தால் சூடாக்குவார்கள். சூடான காபியை ஊதினால் ஆறுவதுபோல், காற்று வேகமாக அடிக்க அடிக்கக் கம்பி ஆறும். அதை ஆறவிடாமல் ஒரே வெப்பநிலையில் வைத்திருக்க மின்சுற்று உடனுக்குடன் மின்னழுத்தத்தைக் கூட்டும். எவ்வளவு கூட்டியது என்பதே காற்றின் வேகத்துக்கு அளவு. இரண்டுக்கும் உள்ள உறவை எல்.வி.கிங் என்பவர் 1914-இலேயே சமன்பாடாக எழுதிவிட்டார். கம்பி அவ்வளவு மெலிதாக இருப்பதால் நொடிக்குப் பல்லாயிரம் மாற்றங்களையும் அதனால் தொடர முடியும்.

ஒற்றைக் கம்பி வேகத்தைச் சொல்லும், திசையைச் சொல்லாது. மேல்நோக்கிய வீச்சுக்குத் திசைதான் உயிர். அதனால் இரண்டு கம்பிகளைப் பெருக்கல் குறிபோல் சாய்த்து வைப்பார்கள். காற்று மேல்நோக்கித் திரும்பினால் ஒரு கம்பி அதிகம் ஆறும், மற்றது குறைவாக ஆறும். இரண்டின் வித்தியாசத்திலிருந்து கோணம் கிடைக்கும்.

இந்தக் கம்பியோடு வேலை செய்யப் பொறுமை வேண்டும். தெரிந்த வேகங்களில், தெரிந்த கோணங்களில் வைத்து முதலில் அளவுகுறிக்க வேண்டும். சோதனை நடக்க நடக்கச் சுரங்கத்தின் காற்று சூடேறும். அந்தச் சூட்டைக் கம்பி வேகக் குறைவு என்று தவறாகச் சொல்லும். அதற்குத் திருத்தம் போட வேண்டும். ஒரு தூசித் துணுக்கு ஒட்டினாலும் கணக்கு மாறும், வேகமாக வந்து மோதினால் கம்பியே அறுந்துபோகும். முடிந்தபின் மறுபடி அளவுகுறித்து, காலையில் எடுத்த வளைவு மாலையிலும் பொருந்துகிறதா என்று பார்ப்பவர்தான் தன் அளவீட்டை நம்பலாம்.

கம்பி ஓர் இடத்தை மட்டுமே அறியும். இறக்கை முழுவதும் ஒரே வீச்சு வருகிறதா என்று தெரிய, சோதனைப் பகுதியின் குறுக்கே அதை நகர்த்தி நகர்த்தி அளக்க வேண்டும். ஒரே வீச்சைப் பலமுறை ஏவி, தகடு அசையத் தொடங்கும் கணத்தை எல்லாவற்றுக்கும் பொதுவான தொடக்கமாகக் கொண்டு சராசரி எடுப்பார்கள். எல்லா முறையும் ஒன்றாக வருவது வீச்சு; முறைக்கு முறை மாறுவது கொந்தளிப்பு. மொத்த ஓட்டத்தையும் ஒரே பார்வையில் பிடிக்க பி.ஐ.வி. முறை இருக்கிறது. ஏறக்குறைய ஒரு மைக்ரான் அளவுள்ள எண்ணெய்த் துளிகளைக் காற்றில் கலந்து, லேசர் ஒளியை இரண்டு முறை அடுத்தடுத்து மின்னவிட்டு, இரண்டு படங்களுக்கிடையே துளிகள் எவ்வளவு நகர்ந்தன என்று கணினி கண்டுபிடிக்கும்.

இந்த அளவீடு எல்லாவற்றையும் மாதிரி இல்லாத வெற்றுச் சுரங்கத்தில் முதலில் செய்துவிட வேண்டும். மாதிரி உள்ளே வந்துவிட்டால் அதன் இறக்கை தன்னைச் சுற்றியுள்ள காற்றை வளைத்துவிடும். பிறகு அளப்பதில் வீச்சு எவ்வளவு, இறக்கையின் விளைவு எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

ஒரு வழக்கு, ஒரு தீர்ப்பு

அளவீட்டை இத்தனை வற்புறுத்துவது ஏன் என்பதற்கு அண்மைக்கால உதாரணம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் தியடோர் ஃபான் கார்மனின் மாணவரான வில்லியம் சியர்ஸ், அலையலையாக வரும் வீச்சில் இறக்கையின் தூக்குவிசை எவ்வளவு மாறும் என்பதற்கு 1941-இல் ஒரு சூத்திரம் தந்தார். வீச்சின் அலைநீளம் இறக்கையின் அகலத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு என்றால், தூக்குவிசையின் மாற்றம் சாதாரணக் கணக்கு சொல்வதில் 40 சதவீதத்தைத் தொடாது. இறக்கைக்குப் பின்னால் கழன்றோடும் சுழல்களே மிச்சத்தைக் குறைத்துவிடும். விமானப் பொறியியலில் அடிப்படையான முடிவு இது. 1984-இல் ஹாஃபிஸ் அட்டாஸி, எதிர்வரும் காற்றின் வேக மாற்றத்தையும் சேர்த்து இன்னொரு சூத்திரம் எழுதினார்.

2017-இல் ஓல்டன்பர்க்கின் செயல்படும் வலையில் செய்த சோதனை முடிவுகள் வெளியாயின. அவை சியர்ஸின் வளைவோடு ஒத்துப்போகவில்லை, அட்டாஸியின் வளைவோடு ஒத்துப்போயின. எழுபத்தைந்து ஆண்டுச் சூத்திரம் தவறா என்ற கேள்வி எழுந்தது. இரண்டே ஆண்டில், 2019-இல், விடையும் வந்தது. இரண்டு சூத்திரங்களையும் அக்கக்காகப் பிரித்துப் பார்த்து, அதற்கேற்ற வீச்சுகளை வலையால் உண்டாக்கி அளந்தபோது, இரண்டும் முரண்படவில்லை என்று தெரிந்தது. அளந்த விசையை எந்த அடிப்படையில் வகுத்து எண்ணாக்குவது என்ற வழக்கத்தில்தான் வேறுபாடு இருந்தது. காற்று எல்லா நேரமும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தது. அதை எழுதிக்கொண்ட முறை வேறாக இருந்தது.

இது விமானத்தோடு நிற்கும் விஷயமும் அல்ல. நம் கட்டடங்களுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875-இன் மூன்றாம் பகுதி, அடிப்படைக் காற்று வேகத்தைத் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் 3 நொடி நீடிக்கும் வீச்சின் வேகமாகவே வரையறுக்கிறது. சென்னைக்கு அது நொடிக்கு 50 மீட்டர். உயர்ந்த கோபுரங்களின் மாதிரியைக் காற்றில் நிறுத்திச் சோதிக்கும் சுரங்கம் சென்னைத் தரமணியிலுள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தில் இருக்கிறது. நாம் குடியிருக்கும் மாடியின் பலத்தைத் தீர்மானிப்பதும் ஒரு வீச்சின் அளவுதான்.

ஹன்சேக்கரும் வில்சனும் கணக்கில் மட்டும் கண்டதை இன்று சுரங்கத்தில் நினைத்த நேரத்தில் ஏவ முடிகிறது. அது பெரிய சாதனை. ஆனால் ஏவியதால் மட்டும் ஒரு வீச்சு சோதனைக்குத் தகுதி பெற்றுவிடாது. மாதிரி நிற்கப்போகும் இடத்தில், மாதிரி இல்லாதபோது, நேரத்தோடும் திசையோடும் அளந்து பதிவு செய்த வீச்சுக்கே அந்தத் தகுதி உண்டு. காற்று வீச்சில் ஒரு விமானமோ காற்றாலையோ ட்ரோனோ தேறிவிட்டது என்று எங்காவது படித்தால், வெற்றுச் சுரங்கத்தில் அந்த வீச்சு எப்படி இருந்தது என்ற வரைபடம் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். அது இல்லாத சோதனையை முடிந்த சோதனையாக ஏற்கத் தேவையில்லை.